டி.பி. மருந்தும் பிள்ளையின் கல்லீரலும்: மருத்துவரிடம் நாம் சொல்லாமல் விடும் ஒரு செய்தி



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி நான்கு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளைக்குக் கழுத்தில் நெறிகட்டியிருந்தது. சோதனையில் காசநோய் என்று தெரிந்து, மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதில் கடைசி ஐந்தாறு நாளாகப் பிள்ளை சோறு தொடவில்லை. குடித்த பாலையும் வாந்தி எடுத்தான். வீட்டில் "மருந்துச் சூடு" என்றார்கள். இளநீர் கொடுத்தார்கள், ஓதிப் பார்த்தார்கள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தார்கள். அந்தச் சகோதரி நம்மிடம் பண உதவி கேட்டு வரவில்லை. "இந்த மருந்தே பிள்ளைக்கு ஆகாதுன்னு மாமி சொல்றாங்க. நிறுத்திடலாமா?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அன்றே பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு பல மடங்கு ஏறியிருந்தது. மருந்துகளை நிறுத்தி, கல்லீரல் தேறும் வரை பிள்ளையை உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை முழுவதும் முடிந்து இப்போது நலமாக இருக்கிறான்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதற்கு நடுவே நடந்த ஒன்று. "குடும்பத்தில் வேறு யாருக்காவது டி.பி. மருந்து சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டபோது அந்தத் தாய் "இல்லை" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்த பிறகு நம் பெண் தொண்டர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய தங்கைக்குப் பதினைந்து வயதில் இதே மருந்து கொடுத்து, இதே போல் மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. அப்போது "காமாலை" என்று மட்டும் வெளியே சொன்னார்கள். டி.பி. என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். புகுந்த வீட்டுக்கு இன்றும் தெரியாது. கணவருக்கும் தெரியாது.

நம் ஊர்களில் இதற்குப் பேச்சும் பழகிவிட்டது. பிள்ளைக்கு வந்தால் "பிரைமரி காம்ப்ளக்ஸ்", பெரியவருக்கு வந்தால் "நெஞ்சுச் சளி". "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்று கேட்டால் பொய் சொல்லாமலேயே "இல்லை" என்று சொல்லிவிடலாம்! ஆனால் அந்தச் சாச்சியின் கதை முதல் நாளே மருத்துவருக்குத் தெரிந்திருந்தால், அவர் பிள்ளைக்கு முன்கூட்டியே ரத்தம் சோதித்திருப்பார். முதல் வாந்திக்கே வந்துவிடுங்கள் என்று தாயிடம் சொல்லி அனுப்பியிருப்பார்.

கல்லீரலில் நடப்பது என்ன?

பிள்ளைகளின் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் தருகிறார்கள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். அதன்பின் பைரசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்றும் நான்கு மாதம். மூளைச் சவ்வில் காசநோய் என்றால் இன்னும் நீளும். இந்த நான்கில் முதல் மூன்றும் கல்லீரலைச் சோதிக்கக்கூடியவை. எத்தாம்பியூட்டால் கல்லீரல் பக்கம் அதிகம் போகாது, அதில் கவனிக்க வேண்டியது கண் பார்வை.

பரம்பரை விஷயம் பெரும்பாலும் ஐசோனியசிட்டைச் சார்ந்தது. இந்த மருந்து வேலை முடித்ததும் கல்லீரல் அதை மாற்றி வெளியேற்ற வேண்டும். அதற்குக் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்பு என்.ஏ.டி.2 என்ற மரபணுவில் உள்ளது. சிலருக்கு இந்த நொதி வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. தெருச் சாக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் அகலமாக இருந்தால் தண்ணீர் நேராக ஓடிவிடும். குறுகலாக இருந்தால் தேங்கி, பக்கத்துச் சந்துக்குள் புகும். அது போல, மெதுவாக வேலை செய்யும் உடலில் ஐசோனியசிட்டின் உடைந்த துண்டுகள் தேங்குகின்றன. வேறொரு நொதி அவற்றை எடுத்து, கல்லீரல் செல்களைக் காயப்படுத்தும் பொருள்களாக மாற்றுகிறது. கூடவே கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்தப் பக்கவழியை இன்னும் தூண்டிவிடும். மெதுவான உடலில் ரிஃபாம்பிசின் சேரும்போது ஐசோனியசிட்டிலிருந்து ஹைட்ரசின் என்ற நச்சுப்பொருள் கூடுதலாக வெளிப்படுவதை 1986ல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் எடுத்துக்காட்டினார்கள்.

அந்த மையத்தைப் பற்றி நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1956ல் மதராஸில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து தொடங்கியது அது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது. காசநோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து சானடோரியத்தில் போட வேண்டியதில்லை, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959ல் உலகத்துக்குச் சொன்னது இங்கே நடந்த ஆய்வுதான். வெற்றிலைப் பெட்டியைக் கூடத் தனியாக வைத்து நோயாளியை ஒதுக்கிய காலத்தில் வந்த செய்தி அது.

ஐசோனியசிட் 1952ல் புழக்கத்துக்கு வந்தது. ஒரே அளவு மாத்திரை கொடுத்தாலும் சிலர் ரத்தத்தில் அது வெகுநேரம் தங்குவதையும், சிலர் ரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைவதையும் அந்தப் பத்தாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். 1960ல் டேவிட் பிரைஸ் எவன்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் பல குடும்பங்களைப் பெற்றோர், பிள்ளைகள் என்று சேர்த்துச் சோதித்தார்கள். மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மக்கள் தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். அந்தக் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவதும் தெரிந்தது.

யார் வழி வந்தது?

குடும்பங்களில் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. "உன் உம்மா வீட்டு ரத்தம்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் அது வாழ்நாள் முழுக்க நிற்கும். ஆகவே கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதிகள் இருக்கும், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. இரண்டுமே மெதுவான வகையாக இருந்தால்தான் அந்த ஆள் "மெதுவானவர்". அதாவது பிள்ளை மெதுவானவன் என்றால் வாப்பாவும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார், உம்மாவும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல இதில் வழியே இல்லை. பெற்றோர் இருவரிடமும் ஒரு வேகப் பிரதியும் ஒரு மெதுப் பிரதியும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் மெதுவாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அதனால் ஒரே வீட்டில் ராத்தாவுக்கு இந்த மருந்து ஒத்துக்கொண்டு, தம்பிக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இன்னொன்று, இது அபூர்வமான குறையும் அல்ல. நம் நாட்டில் பத்துப் பேரில் ஐந்தாறு பேர் மெதுவானவர்களே. எகிப்து, மொராக்கோ மக்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் அப்படி. ஜப்பானில் பத்தில் ஒருவர்தான். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்று பலர் கேட்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு மேல் உள்ள ஒரு குணத்துக்குச் சொந்தமோ அந்நியமோ பெரிய வித்தியாசம் செய்யாது. (சொந்தத்தில் மணம் முடிப்பதால் வரும் வேறு அபூர்வ நோய்கள் உண்டு. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.)

மெதுவாக இருப்பதில் ஒரு நன்மையும் இருந்திருக்கிறது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த பழைய மதராஸ் ஆய்வுகளில், வேகமாக மருந்தை வெளியேற்றியவர்களுக்கு நோய் சரியாகக் குணமாகவில்லை. மருந்து தங்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள். அல்லாஹ் ஒவ்வொரு உடலையும் ஒவ்வொரு விதமாகப் படைத்திருக்கிறான். மருத்துவர் அதை அறிந்து நடப்பதற்கு நாம் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மெதுவானவர் எல்லோருக்கும் கல்லீரல் கெடுவதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கெடுவது அவர்களில் சிறு பங்கினருக்குத்தான். பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரியவர்களைவிட ஆபத்து குறைவு. மரபணுவோடு வேறு காரணங்களும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது: எடை குறைந்து மெலிந்த பிள்ளை, மஞ்சள் காமாலை பி கிருமி, எச்.ஐ.வி., வலிப்பு மருந்துகள், அளவு மீறிய பாரசிட்டமால். மூளைச் சவ்வுக் காசநோய் வந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கல்லீரல் தொந்தரவு கூடுதலாகக் காணப்படுவது சென்னை மையத்தின் அனுபவத்திலும் உண்டு. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வலிப்பு மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். பைரசினமைடோ இந்த என்.ஏ.டி.2 கணக்குக்குள் வருவதே இல்லை. அதன் பாதை வேறு.

மருந்தின் அளவைப் பார்த்து பயப்படும் பெற்றோரும் உண்டு. பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் ஐசோனியசிட், பிள்ளைக்கு 10 மில்லிகிராம். "பெரியவங்களைவிட இரட்டிப்பா?" என்று கேட்கிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் கல்லீரல் பெரியது, மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். பெரியவர் அளவில் கொடுத்தால் பிள்ளையின் ரத்தத்தில் போதுமான மருந்து நிற்காது. அதனால்தான் அந்த அளவு. கைக்குழந்தைகளுக்கு மட்டும் இந்த நொதி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, அதை மருத்துவர் கணக்கில் கொள்வார். எடைக்கு ஏற்ப மாத்திரை எண்ணிக்கை மாறும் என்பதால், ஒவ்வொரு முறை போகும்போதும் பிள்ளையை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கல்லீரல் தொந்தரவு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். கண் மஞ்சளாவது கடைசியில் வரும் அடையாளம். அதற்கு முன்பே பிள்ளை பசி இழக்கும். விரும்பிச் சாப்பிடும் பொருளையும் தள்ளிவிடும். திரும்பத் திரும்ப வாந்தி வரும். வயிற்றின் வலது மேல்பக்கம் வலிக்கிறது என்று பெரிய பிள்ளை சொல்லும், சின்னப் பிள்ளை தொட்டாலே அழும். காரணமில்லாமல் சோர்ந்து படுத்திருக்கும். மருந்து கொடுத்ததும் ஒரு முறை குமட்டுவது பல பிள்ளைகளுக்கு உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். நாள் முழுக்க நீடிக்கும் வாந்தியும், இரண்டு நாள் தொடரும் பசியின்மையும் வேறு.

சிறுநீர் விஷயத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு, சிவப்பு நிறமாகப் போகும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். அது மருந்தின் சாயம், கெடுதல் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. நேர்மாறாக, உண்மையிலேயே காமாலையால் சிறுநீர் கறுத்தபோது "மருந்துச் சாயம்தானே" என்று விட்டவர்களும் உண்டு. ஆகவே சிறுநீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பிள்ளையை வாசலில் நிறுத்தி, கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. ரிஃபாம்பிசின் சாயம் கண் வெள்ளையை மஞ்சளாக்குவதில்லை. வெள்ளை மஞ்சளாக இருந்தால் அது கல்லீரல்தான்.

அப்படி இருந்தாலோ, வாந்தியும் பசியின்மையும் விடாமல் இருந்தாலோ, அன்றைய மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை மயங்கினாலோ, பிதற்றினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். கீழாநெல்லி, வேறு கஷாயம், பச்சிலை எதுவும் இடையில் வேண்டாம். பத்தியம் இருக்க வைத்துப் பிள்ளையைப் பட்டினி போடுவதும் வேண்டாம். அந்தச் சகோதரியின் மகனுக்கு அதில் போன நாட்கள்தான் நோயைப் பெரிதாக்கின.

மருத்துவர் எஸ்.ஜி.பி.டி. பார்ப்பார். அது சற்று ஏறியிருந்து பிள்ளை நன்றாக ஓடியாடினால், பெரும்பாலும் மருந்தை நிறுத்த மாட்டார்கள். பல பிள்ளைகளுக்குக் கல்லீரல் தானாகவே பழகிக்கொண்டு அளவு இறங்கிவிடும். இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறி வாந்தி போன தொந்தரவும் இருந்தால், அல்லது தொந்தரவே இல்லாமல் ஐந்து மடங்கு தாண்டினால், அல்லது காமாலை கண்டால் நிறுத்துவார்கள். தேறிய பின் பொதுவாக ரிஃபாம்பிசினில் தொடங்கி, சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். பாதிப்பு கடுமையாக இருந்தால் பைரசினமைடைத் திரும்பத் தராமல் சிகிச்சையை நீட்டுவார்கள். இதெல்லாம் மருத்துவர் ரத்தம் பார்த்துச் செய்யும் வேலை. வீட்டில் நாமே ஒரு மாத்திரையை விட்டு ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது, அல்லது "கொஞ்ச நாள் ஓய்வு" என்று நிறுத்திவைப்பது, காசநோய்க் கிருமிக்கு மருந்தை எதிர்க்கப் பழக்கிக் கொடுப்பது போல. அந்த நோய்க்கு இதைவிடக் கடுமையான மருந்துகள் தேவைப்படும்.

மரபணுச் சோதனை செய்துவிடலாமா என்று படித்த பெற்றோர் கேட்கிறார்கள். ஜப்பானில் பெரியவர்களிடம் செய்து 2013ல் வெளியான ஓர் ஆய்வில், மரபணு பார்த்து மெதுவானவர்களுக்கு ஐசோனியசிட்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தபோது அவர்களில் யாருக்கும் கல்லீரல் பாதிப்பு வரவில்லை. வழக்கமான அளவு கொடுத்த மெதுவானவர்களில் 78 சதவீதம் பேருக்கு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அங்கே மெதுவானவர்கள் கொஞ்சம் பேர், இங்கே பாதிக்கு மேல். இத்தனை பேருக்கும் அளவைக் குறைத்தால், பெரும்பாலோர் தேவையில்லாமல் குறைந்த மருந்து சாப்பிடுவார்கள். மூளைச் சவ்வுக் காசநோயில் அது உயிருக்கே ஆபத்து. இப்போதைக்கு நம் அரசுத் திட்டத்தில் இந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. தனியாரிடம் பணம் கட்டிச் செய்ய வேண்டும் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். "என் தங்கைக்கு இந்த மருந்தில் காமாலை வந்தது" என்ற ஒரு வாக்கியத்துக்குச் செலவே இல்லை.

வீட்டில் பெரியவருக்குக் காசநோய் வந்தால், நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் தடுப்பு மருந்தாக ஐசோனியசிட் தருகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது மிக அவசியம். நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று மறுக்காதீர்கள். தடுப்பு மருந்தில் பிள்ளைகளுக்குக் கல்லீரல் பாதிப்பு மிக அரிது. மேலே சொன்ன அடையாளங்களைக் கவனித்தால் போதும். பிறந்ததும் போடும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி விடுபட்டிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரமலான் வரும்போது, பருவமடைந்த பிள்ளைகள் சிகிச்சையில் இருந்துகொண்டே நோன்பு பிடிப்பேன் என்று அடம்பிடிப்பதைப் பார்க்கிறோம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைக் குர்ஆனே (2:184) தந்திருக்கிறது. எடை குறைந்த பிள்ளை முதல் இரண்டு மாதத்தில் பட்டினி கிடப்பது கல்லீரலுக்கு நல்லதல்ல. மருத்துவரிடமும் இமாமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சிகிச்சையில் உள்ள ஒவ்வொருவருக்கும் சத்துணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. பிள்ளையின் பெயர் பதிவாகியிருந்தும் பணம் வராதவர்கள் வங்கிப் புத்தகத்தோடு வாருங்கள், படிவம் சரிபார்த்துத் தருகிறோம்.

நமது அலுவலகத்தில் ஒரு சிறிய அட்டை அச்சிட்டு வைத்திருக்கிறோம். பிள்ளையின் எடை, சாப்பிடும் எல்லா மருந்துகள், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் டி.பி. மருந்து கொடுத்தார்கள், அப்போது காமாலை வந்ததா என்பதை எழுத அதில் இடம் உண்டு. பெயர் எழுத வேண்டியதில்லை, "தாயின் தங்கை", "தந்தையின் அண்ணன்" என்று எழுதினால் போதும். அட்டை உங்களிடமே இருக்கும், நாங்கள் நகல் எடுப்பதில்லை. மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அஸருக்குப் பின் மஃரிப் வரை பெண் தொண்டர்கள் இருப்பார்கள். புகுந்த வீட்டார் யாரும் உடன் வர வேண்டியதில்லை.